ரைட் ஆஃப் வே: 'வலது வழி' இல்லை, வழியுரிமை

லைசென்ஸ் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த அண்ணன் மகன் ஒரு மாதிரி வினாத்தாளைக் காட்டினான். அதில் 'நாற்சந்தியில் வலது வழி யாருக்கு?' என்று ஒரு கேள்வி. 'ரைட் ஆஃப் வே' என்பதை யாரோ இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. 'ரைட்' என்றால் வலது, உரிமை இரண்டும்தான், ஆனால் இங்கே உரிமை, அதாவது சந்தியில் முதலில் போகும் உரிமை. கூத்து என்னவென்றால், விதிப்படி விடையும் 'வலப்பக்கம் வருபவருக்கு' என்பதால், தப்பான தமிழே பிட்டு கொடுத்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் 'ரைட்' என்றால் நேரானது, முறையானது. அதிலிருந்து ஒரு கிளை உரிமைக்குப் போனது, இன்னொரு கிளை 'முறையான கை' என்று வலது கைக்குப் போனது. நம்மிடமும் 'வலம்' என்ற சொல்லுக்கு வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு. இடது கைக்காரர்கள் மன்னிக்கவும்.

'ரைட் ஆஃப் வே' முதலில் ரோட்டுச் சொல்லே இல்லை. அடுத்தவர் நிலத்தின் வழியாக நடந்தோ வண்டியிலோ போய்வரும் உரிமை அது. இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், பழைய கிரயப் பத்திரத்தில் இருக்கிறது: 'மாமூல் வழிநடை பாத்தியம்'. மாமூல் அரபி, வழிநடை தமிழ், பாத்தியம் வடமொழி வழி வந்தது. கடலூர்ப் பக்கம் பங்காளிச் சண்டையில் பாதி இந்த மூன்று சொல்லில்தான் தொடங்கும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். 1989-இல் வந்த சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புது ஒழுங்குமுறை வந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: பெரிய சாலைக்குள் நுழைகிறவர் அதில் போகும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும், இரண்டும் சம அந்தஸ்துள்ள தெரு என்றால் வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கு. முத்தியால்பேட்டையின் உள்தெருக்கள் மாதிரி சிக்னலும் இல்லாமல் போலீஸும் இல்லாமல் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நின்று பாருங்கள், ஏன் வலது என்பது விளங்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் வலப்பக்கம் இருந்து குறுக்கே வரும் வண்டி சந்தியில் நமக்குக் கிட்டத்திலிருக்கும் பாதியில் வரும்; நாம் இரண்டடி முன்னே எடுத்தாலே அதன் மேல் போய் நிற்போம். இடப்பக்கம் இருந்து வருவது எதிர்ப்பாதியில் வரும். ரவுண்டானாவிலும் இதே கணக்குதான். நாம் கடிகார முள் போகும் திசையில் சுற்றுவதால் உள்ளே சுற்றுகிறவர் எப்போதும் நமக்கு வலப்பக்கம்தான் வருவார், அவருக்குத்தான் முதல் வழி.

அப்புறம் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி. இவற்றுக்கு வழி விடாவிட்டால் 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது சொல் பஞ்சாயத்து. 'முன்னுரிமை' என்று பலர் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் அது வேலைவாய்ப்பு முதல் கடன் வரை எல்லாவற்றுக்கும் ஓடும் சொல். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'வழியுரிமை' என்பேன். நிலத்துக்குப் பாத்தியம், ரோட்டுக்கு உரிமை என்று பிரித்துக்கொண்டால் குழப்பமும் வராது. ஆனால் விதியின் வாசகம் யாருக்கு உரிமை என்பதைவிட யார் வழி விட வேண்டும் என்றுதான் பேசுகிறது, அந்த வேலைக்கு 'வழி விடு' என்ற நம் பழைய வினைச்சொல்லே போதும். தலைகீழ் முக்கோணப் பலகைக்கும் அதுதான் பெயர்.

செம்மண்டலம் சந்திப்பில் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டைச் சிமிட்டினால், 'நீ போ' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அதற்கு 'நான் நிற்க மாட்டேன்' என்று அர்த்தம். அண்ணன் மகனிடமும் இதைச் சொல்லி அனுப்பினேன், எந்த வினாத்தாளிலும் இது வராது.