லாபி என்பது பரப்புரை அல்ல

“அமெரிக்க செனட்டர் பதவியை விட்டபின் இரண்டு ஆண்டுகள் பரப்புரை செய்யக் கூடாது.” ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரியைப் படித்துக் காட்டியதும் நண்பர் கேட்டார்: “அப்படியானால் அடுத்த தேர்தலில் எப்படி ஓட்டுக் கேட்பார்?” அவரைக் குறை சொல்ல முடியாது. பரப்புரை என்றால் மேடையும் ஒலிபெருக்கியும்தானே நினைவுக்கு வரும்? மூலத்தில் இருந்த சொல் லாபியிங்: சட்டம் இயற்றுபவர்களை நேரில் அணுகி, தமக்குச் சாதகமாக முடிவெடுக்கச் செய்யும் வேலை.

இடைக்கால லத்தீனில் லோபியா என்றால் மடாலயத்தின் கூரையிட்ட நடைகூடம். ஆங்கிலத்தில் அது லாபியாகி, பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வெளியார் உறுப்பினரைச் சந்திக்கும் முன்கூடத்துக்குப் பெயரானது. அங்கே காத்து நின்று ஆளைப் பிடிப்பதற்கும் பிறகு அதுவே வினைச்சொல்லானது. அமெரிக்க அதிபர் கிராண்ட் ஓட்டல் லாபியில், அதாவது முகப்புக் கூடத்தில், சுருட்டுப் பிடித்தபோது பிறந்த சொல் என்பார்கள், கட்டுக்கதை. அவர் 1869இல் பதவியேற்கும் முன்பே அது புழக்கத்தில் இருந்தது.

பரப்புரை என்பது பரப்பும் உரை. ஊரறியச் சொல்வது. லாபியோ காதோடு காதாக நடப்பது. பரவிவிட்டால் வேலை கெட்டது. ஒன்றை அதன் நேரெதிரான சொல்லால் பெயர்க்க ஒரு துணிச்சல் வேண்டும். தரகு என்பவர்களும் உண்டு. திட்டுவதற்கு நல்ல சொல். ஆனால் தரகருக்குப் பேரம் முடிந்தால்தான் கூலி. லாபிக்காரருக்கு மசோதா தோற்றாலும் சம்பளம் உண்டு. மருந்து விலையைக் குறைக்கச் சட்டம் கேட்டு வரும் நோயாளர் சங்கமும் லாபி செய்கிறது. அதைத் தரகு என்பது அநியாயம். ‘ஆதரவு திரட்டல்’ பரவாயில்லை, ஆனால் திரட்டுவது பலரிடம். லாபிக்கு மசோதாவை ஆராயும் குழுவின் தலைவர் ஒருவர் போதும்.

என் தேர்வு அணுக்கம். அரசனுக்கு நெருங்கியவன் அணுக்கன். கருவறையை ஒட்டிய வாயிலை அணுக்கன் வாயில் என்பதும் உண்டு. இடமும் நெருக்கமும் இரண்டுமே சொல்லுக்குள் இருக்கின்றன. அது பழகும்வரை லாபி என்றே எழுதலாம், வாசகருக்குப் புரியும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், இந்தச் சட்டங்களின் உயிரே வரையறையில்தான் இருக்கிறது. வரையறுப்பவர்களோ அணுகப்படுகிறவர்களே. அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வாடிக்கையாளருக்காகச் செலவிடும் நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இவ்வேலை செய்பவர் லாபிக்காரரே அல்ல. முன்னாள் உறுப்பினர் ‘ஆலோசகர்’ என்று அட்டை அடித்துக்கொண்டு, தாமே பேசாமல், யாரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கலாம். பிரிட்டனின் 2014 சட்டம் பிறருக்காக லாபி செய்யும் ஆலோசகர்களை மட்டும் பதியச் சொல்கிறது. நிறுவனத்தின் சொந்த ஊழியர் அதில் வரமாட்டார். அமைச்சரிடம் பேசினால் கணக்கு, சாதாரண உறுப்பினரிடம் பேசினால் கணக்கில்லை. உறுப்பினர்களின் நெறி மீறல்களை விசாரிக்கும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நெறிமுறைக் குழுவிலும் இரு கட்சிகளிலிருந்தும் சம எண்ணிக்கையில் அந்தச் சபை உறுப்பினர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தவர் ஒன்றாக நின்றாலே விசாரணை நகராது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். “சரி, அந்த செனட்டர் ஓட்டுக் கேட்கலாமா, கூடாதா?” என்றார். தாராளமாகக் கேட்கலாம் என்றேன்.