பரீட்சை நடக்கிறது என்று காருக்கு எப்படித் தெரிந்தது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோபமான கடிதம். "செய்திச் சேனல் சொல்வதை நம்ப முடியவில்லை, அரசாங்கம் தரும் கணக்கை நம்ப முடியவில்லை, கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்கவே வேண்டாம். நீங்கள் மட்டும் ‘ஆய்வகத்தில் சோதித்தார்கள்’ என்று எழுதினால் நான் ஏன் நம்ப வேண்டும்? என் டூவீலருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போனேன். சைலன்சர் பக்கமே யாரும் போகவில்லை. நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவிட்டுச் சான்றிதழை நீட்டிவிட்டார்கள். இதுவும் சோதனைதானே?"

நியாயமான கேள்வி. "நம்புங்கள்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. அதனால் இவர் சொன்ன மூன்று பேருமே ஒரே நேரத்தில் சறுக்கிய ஒரு கதையைச் சொல்கிறேன். அதிலும் புகை, சைலன்சர், சான்றிதழ் எல்லாம் உண்டு.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் புகை விடுகின்றன, அப்படி விடும்படியே அவற்றின் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. அமெரிக்காவில் சுமார் 4.8 லட்சம் கார்கள், உலகம் முழுக்க 1.1 கோடி. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு சட்ட வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. "சுத்தமான டீசல்" என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. ஒவ்வொரு மாடலுக்கும் அரசாங்கம் சான்றிதழ் கொடுத்தது. ஜெட்டா டீசல் காருக்கு 2009-ஆம் ஆண்டின் பசுமைக் கார் என்று ஒரு பத்திரிகை விருதே கொடுத்தது. உண்மை வெளிவந்த பிறகு விருது திரும்பப் போனது. விஷயம் வெடித்த ஐந்தாம் நாள் நிறுவனத்தின் தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் பதவி விலகினார்.

முதலில் கொஞ்சம் வேதியியல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இது பள்ளிப் பாடம். அந்தச் சுடரின் வெப்பம் 2,000 டிகிரியைத் தொடும்போது, வழக்கமாக யாரோடும் ஒட்டாத நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். அதுதான் நைட்ரஜன் ஆக்சைடு. வெயில் பட்டால் தரையோரம் ஓசோன் உண்டாக இதுவே வழி செய்கிறது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நெஞ்சு அடைக்கும்.

இதைப் பிடித்துப் போட இரண்டு வழிகளைக் கார்களில் வைத்திருந்தார்கள். ஒன்று, பேரியம் கலந்த ஒரு பொறி. நைட்ரஜன் ஆக்சைடை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு அதைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று யூரியா. நெடுஞ்சாலை பங்க்குகளில் லாரிக்காரர்கள் வாங்கி ஊற்றுகிறார்களே, அதே 32.5 சதவீதக் கரைசல். சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும்.

இரண்டுமே நன்றாக வேலை செய்யக் கூடியவை. ஆனால் இரண்டுக்கும் செலவு உண்டு. பொறியை அடிக்கடி சுத்தம் செய்தால் மைலேஜ் குறையும், கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். யூரியாவைத் தாராளமாக விட்டால் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் தொட்டி காலியாகிவிடும். சோதனை நடக்கும் நேரத்தில் மட்டும் முழுசாக வேலை செய்யட்டும், மற்ற நேரத்தில் அடங்கி இருக்கட்டும் என்று ஆசை வந்தது அங்கேதான்.

சரி, சோதனை நடக்கிறது என்று காருக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சோதனைக்கூடத்தில் காரை இரும்பு உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை. எந்த விநாடியில் எவ்வளவு வேகம் என்று அதில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். அமெரிக்காவின் நகரச் சோதனை 1,369 விநாடி, சுமார் 12 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கார் ஓட்டிப் பார்த்து அமைத்தது. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே தேர்வு இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதனால் அந்தக் கோடு பகிரங்கமாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அதாவது கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் இருக்கும் பரீட்சை.

நான் படித்த பள்ளியில் வருஷத்துக்கு ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் வரும். தேதி முன்னாடியே தெரிந்துவிடும். பூட்டியே கிடக்கும் ஆய்வக பீரோ அன்றைக்குத் திறந்திருக்கும். பிப்பெட்டும் பியூரெட்டும் துடைத்து வரிசையாக நிற்கும். தூய்மைப் பணியாளர் அக்கா வாசலில் சுண்ணாம்புக் கோடு போடுவார். ஆய்வாளர் ஜீப் கேட்டைத் தாண்டியதும் பீரோவுக்கு மறுபடி பூட்டு. அந்த பியூரெட்டை நான் முதன்முதலில் கையில் பிடித்தது பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு அன்று. பள்ளிக்கு ஜீப் சத்தம் எப்படியோ, அப்படி அந்தக் காருக்கும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

யாருக்கும் முதலில் தோன்றும் அடையாளம் ஸ்டியரிங்தான். உருளை மேல் ஓடும் காரில் சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. சாலையில் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைத் தொடாமல் யாரும் ஓட்ட முடியாது. பின்னால் வந்த மென்பொருளில் இதையும் சேர்த்தார்கள். ஆனால் அடிப்படை உத்தி இதைவிட நுட்பமானது. 2017-இல் ஜெர்மனியின் போஹும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், காரின் கட்டுப்பாட்டுக் கணினியில் இருந்த நிரலைப் பிரித்துப் படித்து அதை விளக்கினார்கள்.

கார் பார்த்தது வேகத்தை இல்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று, அதற்குள் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது, முக்கியமாக இந்த இரண்டைத்தான். ஒரு வரைபடத்தாளில் கிடையாக நேரத்தையும் செங்குத்தாகத் தூரத்தையும் போட்டால், சோதனை ஓட்டம் ஒரு படிக்கட்டு மாதிரி ஏறும். கார் நிற்கும் இடங்களில் தட்டை, ஓடும் இடங்களில் ஏற்றம். அந்தப் படிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு, கொஞ்சம் கீழே ஒரு கோடு. நடுவில் வரப்பு மாதிரி ஒரு குறுகிய பாதை. அந்த வரப்பின் மேலேயே கார் போய்க்கொண்டிருக்கும் வரை "பரீட்சை நடக்கிறது" என்று கணினி எடுத்துக்கொள்ளும். காலை வைத்துக் கீழே இறங்கிய நிமிடமே "இது சாலை" என்று முடிவு செய்துவிடும். வெவ்வேறு நாட்டுச் சோதனைகளுக்கு வெவ்வேறு வரப்புகள். நிரலில் இந்தப் பகுதிக்கு வைத்திருந்த பெயரோ எஞ்சின் ஒலியைச் சார்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு என்றுதான் தோன்றும்.

வேகத்தை விட்டுத் தூரத்தைப் பார்த்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. உருளை மேல் ஓட்டுகிறவரும் மனிதர்தான், அவர் கால் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஒரு விநாடி 2 கிலோமீட்டர் வேகம் கூடினால், அடுத்த விநாடி குறையும். வேகத்தை ஒப்பிட்டால் இந்தத் தடுமாற்றம் எல்லாம் பிழையாகத் தெரியும். தூரம் என்பது வேகங்களின் கூட்டல். ஒரு விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகப் பிழை தூரத்தில் அரை மீட்டர்தான், அதையும் அடுத்த பிழை கழித்துவிடும். ஆனால் நிஜத் தெருவில் பாருங்கள். சிக்னலில் 30 விநாடி கூடுதலாக நின்றுவிட்டீர்கள், சோதனையில் அந்நேரம் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று வையுங்கள். 400 மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடுவீர்கள். அதை ஈடுகட்டவே முடியாது. நடுங்கும் காலை மன்னித்து, உண்மையான சாலையை மட்டும் தவறாமல் அடையாளம் காணும் வடிகட்டி இது. தொகையீடு படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இவ்வளவு அழகான யோசனையைப் புகையைச் சுத்தம் செய்யச் செலவழித்திருந்தால் என்ற ஆதங்கம், இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வருகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் எளிமையானது. போக்குவரத்துப் புகையை ஆராயும் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு, ஐரோப்பாவில் டீசல் கார்கள் சாலையில் அதிகப் புகை விடுவதைக் கவனித்தது. அமெரிக்காவில் சட்டம் கடுமையாயிற்றே, அங்கே கார்கள் சுத்தமாக இருக்கும், அதைக் காட்டி ஐரோப்பாவைத் திருத்தலாம் என்று நினைத்தார்கள். வேலை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனது. டேனியல் கார்டர், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம் எல்லாம் அந்தக் குழுவில் இருந்தார்கள். கடைசிப் பெயரை முதலில் படித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மூன்று கார்கள். டிக்கியில் வாயுக்களை அளக்கும் கருவி, அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு சின்ன ஜெனரேட்டர், சைலன்சரிலிருந்து உள்ளே போகும் ஒரு குழாய். ஃபோக்ஸ்வாகனின் பஸ்ஸாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள், ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு காட்டியது, பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. வேறு நிறுவனத்தின் மூன்றாவது கார் பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. தங்கள் கருவியில்தான் கோளாறோ என்று மறுபடி மறுபடி சரிபார்த்தார்கள். இதே கார்கள் கலிஃபோர்னியா அரசின் சோதனைக்கூடத்து உருளையில் ஜம்மென்று தேறியிருந்தன. 2014 மே மாதம் அறிக்கை வந்தது, நிறுவனத்தின் பெயரே இல்லாமல். அதைப் பிடித்துக்கொண்டு கலிஃபோர்னியா அதிகாரிகள் ஒரு வருடத்துக்கு மேல் கேள்வி கேட்டார்கள். நிறுவனம் ஒவ்வொரு முறையும் ஒரு தொழில்நுட்பக் காரணம் சொன்னது. 2016 மாடலுக்குச் சான்றிதழே கிடையாது என்று மிரட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டது.

அந்த ஆய்வுக்குக் கிடைத்த பணம் ஒரு லட்சம் டாலரைக்கூட எட்டாது. அபராதம், இழப்பீடு என்று நிறுவனத்துக்கு ஆன செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. இந்த வகைக் கருவிக்கும் ஒரு முன்கதை உண்டு. 1998-இல் இதே மாதிரி ஏமாற்று வேலைக்காக அமெரிக்காவில் ஏழு லாரி எஞ்சின் நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. அதன் தொடர்ச்சியாகத்தான், ஓடும் வண்டியிலேயே புகையை அளக்கும் கருவியை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் உருவாக்கியது. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பத்துக் கல்லூரிக்காவது இப்படி ஒரு கருவியை வாங்கிக் கொடுத்து, எந்த வண்டியை வேண்டுமானாலும் சோதித்து முடிவை வெளியிடலாம் என்று அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் செலவைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது திருப்பூர் வாசகருக்கு. உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் பெரியப்பாவிடம் பார்த்தேன். லேப் ரிப்போர்ட் எல்லாம் பொய், மருந்துக் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுப்பது என்று சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். அதற்குப் பதில் பேப்பரில் மடித்து ஒருவர் விற்ற பொடியைச் சாப்பிட்டார். அந்தப் பொடியை யாரும் எந்த லேபிலும் சோதித்ததில்லை. எட்டு மாதத்தில் கால் விரலில் புண் வந்து, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் நம்மை ஏமாற்றியதும், அடுத்தவர் நம் சந்தேகத்தையே முதலாக வைத்துக் கடை திறந்துவிடுகிறார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: யார் அளந்தது, எங்கே அளந்தது, இன்னொருவர் அளந்தால் அதே எண் வருமா?

இந்தியாவிலும் 2015 டிசம்பரில் 3.23 லட்சம் கார்களை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் திரும்ப அழைத்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, உச்ச நீதிமன்றம் அதன் மேல் நடவடிக்கைக்குத் தடை விதித்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புது மாடல்களைச் சாலையிலும் ஓட்டிச் சோதிக்கிறார்கள். இங்கே 2023 ஏப்ரலில் அந்த விதி வந்தது.

அப்புறம் உங்கள் புகைச் சான்றிதழ். அதற்கும் ஒரு மாற்று இருக்கிறது. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து அகச்சிவப்புக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் குறுக்கே பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள அலைநீளத்தை விழுங்கும். வண்டி கடந்ததும் அதன் பின்னால் மிதக்கும் புகை எதை எவ்வளவு விழுங்கியது என்பதை வைத்து அளவு தெரிந்துவிடும், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரு விநாடிக்குள். டெல்லியிலும் குருகிராமிலும் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்திருக்கிறார்கள். யாரும் வண்டியை நிறுத்தவில்லை, யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. தன் வண்டியை அளந்தார்கள் என்பதே ஓட்டிக்கொண்டு போனவருக்குத் தெரியாது.