வெப்ப உமிழ் வினை

மொரீஷியஸில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, “எக்ஸோதெர்மிக் என்பதற்குத் தமிழில் என்ன, ஐயா?” என்று கேட்டாள். தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. எனக்கு அவற்றில் ஒன்றின்மேல்தான் பிடிப்பு.

முதலில் மூலச்சொல். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தெலோ கிரேக்கத்திலிருந்து கட்டிய சொல் அது. ‘எக்ஸோ’ வெளியே, ‘எண்டோ’ உள்ளே, ‘தெர்மே’ வெப்பம். வினை நடக்கும்போது வெப்பம் வெளியேறினால் எக்ஸோதெர்மிக்; சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் எண்டோதெர்மிக்.

இலங்கைப் பாடநூல்கள் இவற்றைப் புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம் என்கின்றன; வேதிவினைக்கு அங்கே ‘தாக்கம்’ என்று பெயர். கிரேக்கத்துக்கு நேர் தமிழ். குறை சொல்ல முடியாது. ஆனால் ‘அகவெப்பம்’ என்று கேட்கும் பிள்ளை, உள்ளே சூடு இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடு) நீரில் கரைத்துக் குவளையைத் தொட்டால் கை குளிர்கிறது, பிள்ளை குழம்புகிறது. தமிழ்நாட்டுச் சொற்களான வெப்ப உமிழ் வினையிலும் வெப்பங்கொள் வினையிலும் இந்தக் குழப்பம் வருவதில்லை. உமிழ்தல், கொள்ளுதல் என்று செயலே பெயராகிவிடுகிறது. ‘உமிழ் வினை’ வினைத்தொகையும்கூட: உமிழ்ந்த வினை, உமிழ்கின்ற வினை, உமிழும் வினை. காலம் காட்டாத இலக்கணம் அறிவியல் விதிக்கு இவ்வளவு பொருந்தும் என்று தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க மாட்டார். (‘வினை’ என்றதும் முன்வினைப் பயனை நினைப்பவர்களுக்கு: ‘தாக்கம்’ மட்டும் என்ன, இப்போது செய்தித்தாளில் புயலுக்கும் விலைவாசிக்கும் போய்விட்டது.)

அந்தப் பெண்ணுக்கு உதாரணம் காட்ட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடற்கரைகளில் சவுக்கு மரங்களுக்கிடையே கருங்கல் சூளைகள் இடிந்து நிற்கின்றன. பவழப் பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காளவாய்கள். பிரெஞ்சில் ‘ஃபூர் அ ஷோ’. சுண்ணாம்பு கிரியோலில் ‘லாசோ’. பிரெஞ்சில் சுண்ணாம்புக்கும் சூட்டுக்கும் ஒலி ஒன்றே, இரண்டும் ‘ஷோ’. வேர் வேறு, தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

1735இல் இத்தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே, இன்றைய தலைநகர் போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். சுண்ணாம்பு வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: நீற்றுதல். சூளையில் கல்லைச் சுடுவதும் நீற்றுதல். அப்பரை இட்ட நீற்றறை அந்தச் சூளைதான். சுட்ட கல்லில் நீர் ஊற்றிப் பொடியாக்குவதும் நீற்றுதல். நீறு என்றால் பொடி, சாம்பல். கையில் கிடைக்கும் பொருளைப் பார்த்துப் பிறந்த சொல் ஆகையால், வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்று அது கவலைப்படவில்லை. வேதியியலுக்கோ அந்தத் திசைதான் முக்கியம்.

சூளையில் நடப்பது வெப்பங்கொள் வினை. பவழப் பாறையின் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட்; அதில் 100 கிராமைப் பிரிக்க ஏறக்குறைய 178 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சூடு 900 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏற வேண்டும். கார்பன் டை ஆக்சைடு போய்விட, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது.

அடுத்ததை நான் சிறுவயதில் கண்ணால் பார்த்தேன். காவடித் திருவிழாவுக்கு முன் கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்கப் பெரியப்பா ஓர் இரும்புப் பீப்பாயில் கட்டிச் சுண்ணாம்பைக் கொட்டி நீர் வார்ப்பார். சில நொடி ஒன்றுமிருக்காது. பிறகு சீறல் எழும், கட்டி வெடித்து மலரும், அடுப்பே இல்லாமல் பீப்பாய் தளதளவென்று கொதிக்கும். “கண்ணில் தெறிக்கும், தள்ளி நில்லு” என்பார். அதுதான் வெப்ப உமிழ் வினை. அந்த 56 கிராம் நீறும்போது சுமார் 65 கிலோஜூல் வெளிவருகிறது. ஒரு டம்ளர் நீரைக் கொதிநிலைக்கு ஏற்ற அது போதும்.

178 வாங்கி 65 கொடுத்தால், மீதி 113 எங்கே? அந்தப் பெண்ணும் இதைத்தான் கேட்டாள். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிறது. அப்போது அந்த 113 கிலோஜூலும் திரும்பிவிடுகிறது. எத்தனை படியில் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று 1840இல் வேதியியலாளர் ஹெஸ் சொன்ன விதி இதுவே. இதுவும் வெப்ப உமிழ் வினைதான். ஆனால் தடித்த பூச்சானால் அது பல ஆண்டுகள் நீள்வதால், மதிலில் கை வைத்துப் பார்த்தவளுக்குச் சுவர் குளிர்ந்தே இருந்தது.