புகார் இல்லாத பதிவேடு

நெல்லைச் சீமையில் ஓர் இரும்பு உருக்காலை. பெயர் வேண்டாம். ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரத்துக்கான ஆடிட்டுக்காகப் போயிருந்தேன். கோப்புகள் எல்லாம் கச்சிதம். ஊர்மக்கள் புகார்ப் பதிவேட்டைக் கேட்டேன். மூன்று வருடமாக மாதாமாதம் 'புகார் ஏதுமில்லை' என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருந்தது. அந்த ஒரே மைதான் உறுத்தியது.

சாப்பாட்டுக்கு முன்னால் கிழக்குச் சுவருக்கு வெளியே ஒரு நடை போனேன். ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. முதல் தெருவில் துணிக்கொடியெல்லாம் காலி. திண்ணையில் இருந்த ஆச்சியிடம் காரணம் கேட்டேன்.

"ஆடி முடியுத வரைக்கும் துணிய வீட்டுக்குள்ளதான்யா காயப் போடுதோம். வெளிய போட்டா கருப்பு கருப்பாப் படியுது."

"ஆலையில சொன்னீங்களா ஆச்சி?"

"அங்க யாருகிட்டச் சொல்ல? வாட்ச்மேன் உள்ளயே விட மாட்டாரு."

புகார்ப் பதிவேடு இருந்தது அந்த வாட்ச்மேன் மேசை டிராயரில்.

'ஐஎஸ்ஓ வாங்கிய ஆலை, மாசு இருக்காது' என்று பலர் நினைக்கிறார்கள். 1996-இல் முதலில் வந்து 2004, 2015-இல் திருத்தப்பட்ட இந்தத் தரத்தில், எவ்வளவு புகை விடலாம் என்று ஓர் எண்கூடக் கிடையாது. அந்த எண்கள் சட்டத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இசைவாணையிலும் இருக்கின்றன. தரம் கேட்பது வேறு: உன் ஆலையால் எது எதற்குப் பாதிப்பு வரும் என்று நீயே பட்டியல் போடு, சட்டத்துக்குக் கட்டுப்படு, அளந்து பார், போகப் போக மேம்படுத்து. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் தருவதுமில்லை. தருவது சான்றளிப்பு நிறுவனங்கள். 3 ஆண்டுக்கு ஒரு சான்றிதழ், நடுவில் வருடம் ஒரு கண்காணிப்பு ஆடிட். அதற்குக் கட்டணம் கட்டுவது ஆலைதான். நானும் அந்தக் கட்டணத்தில் சோறு தின்கிறவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, கரித்தூள் எங்கிருந்து வந்தது? பட்டியலில்தான் பிசகு. உலைப் புகை ஹூடு (உலைக்கு மேலே நின்று புகையை உறிஞ்சும் மூடி) வழியாக பேக் ஃபில்டருக்கு (தூசியை வடிக்கும் துணிப்பைகள்), அங்கிருந்து புகைபோக்கிக்கு என்று எழுதியிருந்தார்கள். புகைபோக்கியில் அளந்த அறிக்கையும் வரம்புக்குள்தான். ஆனால் ஸ்கிராப்பை, அதாவது பழைய இரும்பை, உலையில் கொட்டும்போது ஹூடை ஒதுக்கியாக வேண்டும். எண்ணெயும் பெயின்ட்டும் ஒட்டிய ஸ்கிராப் சூட்டில் விழுந்ததும் குபுகுபுவென்று கிளம்பும் கரும்புகை, ஹூடு திரும்பி வரும்வரை காத்திருக்காது. கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். புகைபோக்கியை எத்தனை தடவை அளந்தாலும் இது கணக்கில் வராது.

சுற்றுப்புறக் காற்றையும் அளந்திருந்தார்கள், அதே கிழக்குச் சுவரோரம். ஆனால் மார்கழியில். வாடை அடிக்கும் காலத்தில் புகை எதிர்ப்பக்கம் போகும். கருவி நல்ல காற்றை அளந்துவிட்டு வந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வகத்துக்காரர்களுக்கு அப்போதுதான் தேதி கிடைத்திருக்கும்.

வழக்கமான ஓட்டத்தை மட்டுமல்ல, வழக்கத்துக்கு மாறான நேரத்தையும் அவசர நிலையையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது தரம். பெரும்பாலான ஆலைகளில் அவசர நிலை என்றால் தீ மட்டும்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, தாமிரபரணியும் கரை மீறியதே, அதற்குப் பிறகு வேறோர் ஆலைக்குப் போனேன். கழிவு எண்ணெய்க் கொட்டகைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. டிரம்கள் மிதந்து கவிழ்ந்து, எண்ணெய் ஓடை வழியாகக் குளத்துக்குப் போயிருக்கிறது. 90 நாளுக்கு மேல் வைக்காமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதன்படி அனுப்பியிருந்தால் பாதி டிரம் அங்கே இருந்திருக்காது. 2024 பிப்ரவரியில் தரத்தில் ஒரு திருத்தம் வந்தது: பருவநிலை மாற்றம் தமக்குப் பொருந்துமா என்று நிறுவனம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆலை எழுதியிருந்த பதில், 'பொருந்தாது'.

உருக்காலைக்கு வருவோம். குறைபாடு எழுதிக் கொடுத்தேன். சுவரேறிப் புகார் சொல்ல முடியாது என்பதால், ரேஷன் கடைச் சுவரில் ஒரு மொபைல் எண்ணை எழுதிப் போட்டார்கள். அடுத்த ஆண்டு போனபோது பதிவேட்டில் 11 புகார். மேலாளருக்கு முகமே இல்லை. "இதை ஆடிட்ல காட்டித்தான் ஆகணுமா சார்?" என்றார்.

இருவரும் உட்கார்ந்து புகார் வந்த நேரங்களை உலைப் பதிவோடு ஒத்துப் பார்த்தோம். 11-இல் 8 இரவு ஷிஃப்ட். எட்டும் ஒரே ஸ்கிராப் வியாபாரியின் லோடு கொட்டிய நேரம். மேலாளர் போனை எடுத்து ஸ்டோர்ஸைக் கூப்பிட்டார்.