ஓர் அலை, இரண்டு நெகட்டிவ்

1850களில் கடலைப் படமெடுப்பது பெரும்பாடு. அன்றைய ஈரக் கொலோடியன் தகடு (ரசாயனம் பூசிய கண்ணாடி) நீல ஒளியில்தான் சட்டெனப் பதியும். அலை தெரியும்படி எக்ஸ்போஷர் (தகட்டில் ஒளி படும் அளவு) கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகத்துக்காகக் குறைத்தால் கடல் இருண்டுபோகும். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து, அச்சிடும்போது தொடுவானக் கோட்டில் இணைத்தார். 1857இல் செத் நகரில் எடுத்த ‘பேரலை’ அப்படி உருவானதுதான். வெளிச்சம், நிழல் இரண்டையும் ஒரே படத்தில் தெரியவைக்கும் நம் செல்போனின் எச்டிஆர் வசதிக்கு மூதாதை அது.

கண்ணுக்கு மட்டும் வானமும் கடலும் எப்படிச் சேர்ந்தே தெரிகின்றன? உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). பௌர்ணமி நிலவொளி கால் லக்ஸைத் தாண்டுவதே அரிது. கண்பாவை 2 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. வரை விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். மிச்சத்தை விழித்திரை பார்த்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் கூம்பு செல்கள், இருட்டில் குச்சி செல்கள். முழுதாக இருளுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். அதைவிட முக்கியம், விழித்திரை ஒளியின் அளவை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. ஒவ்வோர் இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தையே பெரிதும் அனுப்புகிறது.

ஓவியர்கள் இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள். சாயத்தால் சூரியனாக ஒளிர முடியாது. மோனே 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்: சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். அதன் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள வானத்தின் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. நம்மைச் சுண்டியிழுப்பது ஆரஞ்சு நிறம்தான். எனக்கு இதைவிட அழகான தீர்வு தெரியாது.

கேமராவுக்குக் கணக்கு தேவைப்பட்டது. ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு ஒளி இருந்தது என்று கணக்கிடும் வழியை 1997இல் கணினி ஆய்வாளர்கள் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்டார்கள். ஆனால் அவ்வளவு ஒளியைச் சாதாரணத் திரை காட்டாது, சுருக்கியாக வேண்டும். படம் முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் சப்பென்று இருக்கும். அதனால் நல்ல மென்பொருள் விழித்திரையைப் போல இடத்துக்கு இடம் ஒப்பிட்டுத் திருத்துகிறது. அளவு மீறினால் கோபுர விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் படரும், நிழல்களெல்லாம் சாம்பல் பூத்துப்போகும். கோயில் பிரகாரப் படங்களில் இதை நிறையப் பார்க்கிறோம். தூணின் பின்பக்கம் இருட்டாக இருந்தால்தான் முன்பக்கச் சிற்பம் எழுந்து நிற்கும். எடிட் செய்யும்போது அந்த இருட்டை விட்டுவையுங்கள்.