சி மொழியில் மேட்ரிக்ஸ்: நினைவகத்தில் எல்லாம் ஒரே வரிசைதான்

சி என்ற கணினி மொழியில் மேட்ரிக்ஸ், அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணை, என்று தனியாக ஒரு வகையே கிடையாது. இண்ட் (முழு எண்) அ[3][4] என்று எழுதும்போது 3 நிரையும் (கிடை வரிசை) 4 நிரலும் (செங்குத்து வரிசை) உள்ள கட்டத்தை நாம் மனதில் வரைந்துகொள்கிறோம், ஆனால் நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் செய்வதெல்லாம் நாலு இண்ட் கொண்ட மூன்று அரேக்களை (ஒரே வகை எண்களின் தொடர்) இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வைப்பதுதான். ஒரு இண்ட் 4 பைட் என்றால் மொத்தம் 48 பைட், ஒரே நீளத் துண்டு.

சரி, அ[2][1] எங்கே இருக்கும்? சி-யில் நிரையையும் நிரலையும் 0-இலிருந்து எண்ணுவார்கள். நிரை எண்ணை நிரல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நிரல் எண்ணைக் கூட்ட வேண்டும். 2×4+1, அதாவது 9. தொடக்கத்திலிருந்து 9 இண்ட் தள்ளி, 36 பைட் தாண்டி. இந்தக் கணக்கில் 3 எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைத் தனியாகச் செய்யும் புரோகிராம் பகுதி) மேட்ரிக்ஸை அனுப்பும்போது முதல் அடைப்பைக் காலியாக விடலாம், இரண்டாவதில் எண் இருந்தே ஆக வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அதற்குக் காரணம் இவ்வளவுதான்: நிரல் எண்ணிக்கை தெரியாமல் அடுத்த நிரை எங்கே தொடங்குகிறது என்று கம்பைலரால் கண்டுபிடிக்க முடியாது.

அ[0][4] என்று தவறி எழுதினாலும் சி தடுக்காது. பெரும்பாலும் அ[1][0] இருக்கும் இடத்தைத்தான் அது தொடும், புரோகிராமும் ஒன்றுமே நடக்காதது போல ஓடி, தப்பான விடையைத் தரும். மொழியின் விதிப்படி என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதால், ஒவ்வொரு லூப்பிலும் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எல்லையைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி வேகம். பிராசஸர் நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணைத் தனியாக எடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து, இன்றைய பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டாக, கேஷ் எனும் வேகமான சிறு நினைவகத்துக்குள் கொண்டுவருகிறது. கடைக்குப் போனவர் நாளைக்கு வேண்டியதையும் சேர்த்து வாங்கி வருவது போல. நிரை வழியாகப் போனால் ஒரு தடவை கொண்டுவந்ததில் 16 இண்ட்களும் பயன்படும். 1000×1000 மேட்ரிக்ஸில் நிரல் வழியாக இறங்கினால் ஒவ்வொரு அடியும் 4000 பைட் தாவல், கொண்டுவந்த 16-இல் அப்போதைக்குப் பயன்படுவது ஒன்றுதான், மற்றவை தேவைப்படுவதற்குள் கேஷிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடலாம்.

மேட்ரிக்ஸ் பெருக்கலில் இது பளிச்சென்று தெரியும். பாடத்தில் வரும் மூன்று லூப்களில் உள்ளே இருப்பது இரண்டாவது மேட்ரிக்ஸை நிரல் வழியாகப் படிக்கிறது, 1000×1000 என்றால் 100 கோடி பெருக்கல், அத்தனைக்கும் இந்தத் தாவல். விடை மேட்ரிக்ஸை முதலில் பூஜ்ஜியமாக்கிவிட்டு, உள்ளே இருக்கும் இரண்டு லூப்களை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். பெருக்கல்களின் எண்ணிக்கை அதேதான், விடையும் அதேதான், ஆனால் இப்போது எல்லாமே நிரை வழியாக நடக்கும். பெரிய மேட்ரிக்ஸில் நேரத்தை அளந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஃபோர்ட்ரான் என்ற இன்னொரு கணினி மொழி. அங்கே நிரல் நிரலாக அடுக்குவார்கள், அதனால் லூப் வரிசையும் தலைகீழ். சி-யில் உருவாக்கிய மேட்ரிக்ஸை ஃபோர்ட்ரான் நூலகம் (தயாராக எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒன்றுக்கு அப்படியே அனுப்பினால், ஒரு பைட் கூட இடம் மாறாமலேயே, அதற்கு அது நிரை நிரலாகவும் நிரல் நிரையாகவும் மாறிய மேட்ரிக்ஸாகத்தான் தெரியும்.