வேப்: பெயரில்தான் ஆவி, நுரையீரலுக்குப் போவது துளிகள்

2014இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்த ஆண்டின் சொல்லாக ‘வேப்’பைத் தேர்ந்தெடுத்தது. மின் சிகரெட்டை இழுக்கும் செயலுக்கும் அந்தக் கருவிக்கும் அதே பெயர்தான். ‘வேப்பர்’, அதாவது ஆவி, என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி உண்டாக்கியது. கருவி கடைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே சொல் வந்துவிட்டது. 1983இல் ராப் ஸ்டெப்னி என்பவர் பிரிட்டனின் ‘நியூ சொசைட்டி’ இதழில், மக்கள் ஏன் புகைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். எரியாமலே நிக்கோடின் ஆவியைத் தரும் ஒரு கருவி பற்றி அதில் பேசிவிட்டு, அந்தப் பழக்கம் பரவினால் அதற்கு ‘வேப்பிங்’ என்று பெயர் வரும் என்றார். அப்படியே வந்தது.

ஆனால் அந்தப் பெயர் ஒரு தவறான படத்தையும் கூடவே கொண்டுவந்தது. “வெறும் ஆவிதானே, புகை இல்லையே” என்று பலரும் சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. நீராவி போல ஏதோ ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே நடப்பது வேறு.

வேப்பில் ஒரு லித்தியம் அயன் பேட்டரி, ஒரு உலோகக் கம்பிச் சுருள், அதைத் தொட்டபடி ஒரு பஞ்சுத் திரி, திரி ஊறிக் கிடக்கும் திரவம் ஆகியவை இருக்கும். வாயில் வைத்து இழுத்ததும் காற்றோட்டத்தை ஒரு உணரி கண்டுபிடித்துச் சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். சில கருவிகளில் பொத்தானை அழுத்த வேண்டும். திரவத்தில் பெரும்பங்கு புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். மேடைகளில் புகைமூட்டம் கிளப்பும் இயந்திரங்களில் ஊற்றுவதும் இதே வகைத் திரவங்கள்தான். முதலாவது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இரண்டாவது 290 டிகிரியில். நிக்கோடின் 247 டிகிரியில். இவற்றோடு வாசனைப் பொருள்களும் சேரும்.

சூடேறிய சுருளை ஒட்டி உண்மையிலேயே ஆவி உண்டாகிறது. ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு. வெளியிலிருந்து இழுக்கப்படும் காற்று பட்டதும் குளிர்ந்து, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் திரண்டுவிடும். கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். வாயை ஒட்டிய சிறு இடைவெளியில் எதுவும் தெரியாது, அதுதான் நீராவி. சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகள். வேப்பின் வெள்ளை மேகமும் இப்படித்தான் உண்டாகிறது, ஆனால் துளிகளில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் இல்லை. கிளிசரினும் கிளைக்காலும் நிக்கோடினும். காற்றில் மிதக்கும் இப்படிப்பட்ட துளிக்கூட்டத்துக்கு அறிவியலில் ஏரோசால் என்று பெயர். பெரும்பாலான துளிகள் ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. அதனால்தான் மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சேர்கின்றன. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் நிக்கோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும்.

இதை மேலும் தெளிவாக்கும் ஒரு வரலாற்றுத் தகவல் உண்டு. அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963லேயே புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், தயாரிக்க யாரும் முன்வரவில்லை. இன்றைய மின் சிகரெட்டை உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். 2003இல் அவர் வடிவமைத்த கருவி, திரவத்தைக் கொதிக்க வைக்காமல் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) அதிர்வால் துளிகளாக உடைத்தது. ஆவி என்ற கட்டமே இல்லாமல் நேராகத் துளிகள்! சூடாக்கும் சுருள் பின்னால் பரவியது.

சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதை மறைப்பது நேர்மை ஆகாது. சிகரெட்டின் நுனி இழுக்கும்போது 900 டிகிரியை எட்டும். அந்த எரிதலில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களும் பிறக்கின்றன. வேப்பில் எரிதல் இல்லை. அதனால் பல வருடங்களாகப் புகைப்பவர் முழுவதுமாக இதற்கு மாறினால் அவருக்குக் கேடு குறைகிறது. பிரிட்டனின் பொது சுகாதாரச் சேவை இதைப் புகையை விடும் வழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. புகைக்காத ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதோடு, திரி காய்ந்து சுருள் அளவுக்கு மேல் சூடானால் கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகும்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது நிக்கோடின் உப்பு. நிக்கோடின் இயல்பில் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான வேதிப்பண்பு கொண்டது. அப்படியே இழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். புதிதாக இழுப்பவரைத் தடுத்து நிறுத்துவது அந்த எரிச்சல்தான். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப், திரவத்தில் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிக்கோடினை உப்பாக மாற்றியது. எரிச்சல் தணிந்தது, அளவைக் கூட்ட முடிந்தது. அதன் 5 சதவீதத் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 59 மில்லிகிராம் நிக்கோடின். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சம் 20 மில்லிகிராம். பள்ளிப் பிள்ளைகள் இருமாமல் இழுக்கும்படி ஒரு பொருள் கிடைத்தது இப்படித்தான்.

இன்னொன்று, திரவத்தில் எதை ஊற்றினாலும் கருவி அதைத் துளியாக்கி நுரையீரலில் சேர்த்துவிடும். 2019இல் அமெரிக்காவில் கஞ்சா எண்ணெய் வேப்களில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலக்கப்பட்டது. விழுங்கினால் தொல்லை தராத பொருள் நுரையீரலைச் சிதைத்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது மூச்சுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிங்கப்பூரில் மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த வேப்கள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்தியாவில் 2019இன் மின் சிகரெட் தடைச் சட்டம் இந்தக் கருவிகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. விற்று முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் கருவிக்குத் தரும் விளக்கத்தில் ஆவி என்ற சொல் இல்லை. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஏரோசாலை உண்டாக்கும் மின்னணுச் சாதனம் என்கிறது. நிக்கோடின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.